முக்காலி வழியாகப் பரவிய முதுகுவலி

எங்க ஆபீஸ்ல வேலை பாக்குறவங்க நாப்பத்தி மூணு பேர். முதுகு சாய்ஞ்சு உக்கார்ற மாதிரி நாற்காலி ஒண்ணே ஒண்ணு. சுத்தும், சாயும், உள்ள நுரை வச்சது. அது ஆபீசர் அறையில இருக்கு. மத்தவங்களுக்கு இருக்கிறதையும் நாற்காலின்னுதான் பதிவேட்டுல எழுதியிருக்கு, அதனால நாங்களும் அப்படியே சொல்லிக்கிறோம். பதிவேடே வெக்கப்பட்டு 'முக்காலி'ன்னு எழுதினது ஒருத்தருக்கு மட்டும்தான். அவர் கட்டு அண்ணன்.

கட்டு அண்ணன்னா ரெக்கார்டு ரூம் கிளார்க். பழைய ஃபைலையெல்லாம் துணியில கட்டி அலமாரியில அடுக்குறதும், யாராவது கேட்டா இறக்கிக் குடுக்குறதும் அவர் வேலை. ஒவ்வொரு கட்டும் பள்ளிக்கூடம் போற பிள்ளை கனம் இருக்கும். பதினெட்டு வருஷமா தூக்குறார். எட்டு வருஷமா இடுப்புல வலி. அவருக்கு ஏன் முக்காலின்னா, அதுக்கு ஒரு விதி இருக்கு. "ஆவண அறைப் பணியாளர் எந்நேரமும் எழுந்து செல்லும் ஆயத்த நிலையில் இருத்தல் அவசியம்." சாய இடம் குடுத்தா ஆயத்தம் குறைஞ்சுடுமாம்.

குனிஞ்சா நிமிர முடியாது. காலையில செருப்பு வாரைக்கூட அவர் சம்சாரம்தான் மாட்டிவிடும். ஒரு நாள் மாட்டிக்கிட்டே அது சொல்லிடுச்சு:

"இந்த வருஷக் கடைசிக்குள்ள சாயற நாற்காலி ஒண்ணு வாங்கிடுங்க. இல்லாட்டி வேலையை எழுதிக் குடுத்துட்டு வந்துடுங்க."

"இன்னும் ஆறு வருஷம்தானே இருக்கு. பென்ஷன் வந்துடும்."

"அதை யாரு குனிஞ்சு கையெழுத்துப் போட்டு வாங்குறது?"

அண்ணன் வைத்தியம் பாக்காம இல்லை. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் முதுகுவலி உண்டு, அதனால எல்லாரும் வைத்தியர். டைப்பிஸ்ட் அக்கா காந்த பெல்ட் போட்டிருக்கு. குண்டூசி டப்பா பக்கத்துல போனா பாதி குண்டூசி கூடவே வந்துடும். கணக்குப் பிரிவுல ஒருத்தர் முதுகுல கண்ணாடிக் கோப்பையைக் கவிழ்த்து உறிஞ்சவிட்டு, வட்ட வட்டமா சீல் குத்தின கவர் மாதிரி வருவார். கட்டு அண்ணன் பெல்ட்டும் போட்டார், கோப்பையும் வச்சார், தேனீயை விட்டுக் கொட்டவும் விட்டார். தேனீ வழி தவறி மூஞ்சியில கொட்டிடுச்சு. வீங்கின வீக்கத்துல ஒரு வாரம் அவருக்கு முதுகு ஞாபகமே வரலை. அதைக் குணம்னு நாங்க சேத்துக்கிட்டோம்.

கடைசியா நிஜ டாக்டர்கிட்ட போனார். டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தார்.

"தேய்மானம் கொஞ்சம் தெரியுது. இது வலி இல்லாதவங்களுக்கும் இருக்கும். இதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாது."

"கிருமியா இருக்குமான்னு என் சம்சாரம் போன்ல படிச்சுட்டுக் கேக்கச் சொல்லிச்சு."

"சில பேருக்குக் கிருமி காரணமா இருக்கலாமான்னு ஆராய்ச்சி பண்றாங்க. இன்னும் முடிவாகலை. உங்களுக்கு அப்படி அறிகுறி எதுவும் இல்லை. நீங்களா மாத்திரை எதுவும் வாங்கிப் போட்டுறாதீங்க. ஆமா, நீங்க எதுல உக்கார்றீங்க?"

"முக்காலியில."

"முதல்ல அதை மாத்துங்க."

அண்ணன் நேரா ஹெட் கிளார்க்கிட்ட வந்து இருக்கை கேக்குற படிவம் வாங்கினார். வலிக்குக் காரணம்ங்கிற இடத்துல மூணு கட்டம் இருந்துச்சு. விபத்து, பிறவி, தொற்று.

"வேலையால வந்ததுன்னு எங்க சார் போடுறது?"

"வேலையால வலி வராது. வந்துச்சுன்னா அது வேலை மேல புகார். புகார் படிவம் தீந்துபோச்சு." ஹெட் கிளார்க் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு யோசிச்சார். "தொற்றுன்னு போடும். தொற்று உள்ளவருக்கு 'பிறர் பயன்படுத்தாத தனி இருக்கை' இருபத்தி நாலு மணி நேரத்துல குடுக்கணும்னு விதி இருக்கு. டாக்டர் கிருமின்னு ஒரு வார்த்தை சொன்னாரில்ல?"

"சொன்னார். எனக்கு இல்லைன்னும் சொன்னார்."

"உமக்கு இல்லைங்கிறது உம்ம சொந்த விஷயம். வார்த்தை வந்துச்சா இல்லையா?"

வந்துச்சு. அண்ணன் கட்டத்துல டிக் போட்டார்.

மறுநாள் காலையில நாற்காலி வரலை. சுகாதார ஆய்வாளர் வந்தார். முகமூடி, கையுறை, கையில ஒரு நீளமான நோட்டு. எல்லாரையும் வராந்தாவுல வரிசையா நிறுத்தி ஒரே கேள்வி: முதுகு வலிக்குதா? நாப்பத்தி ஒரு பேருக்கு வலிச்சுது. ஆய்வாளர் முகமூடியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கிட்டார். "பரவல் இந்த அளவுக்குப் போயும் மேலிடத்துக்குத் தெரியப்படுத்தலையா?"ன்னு ஹெட் கிளார்க்கைக் கேட்டார். ஹெட் கிளார்க் ஒரு கையால முதுகைப் பிடிச்சுக்கிட்டே வருத்தம் தெரிவிச்சார்.

வலிக்காத ரெண்டு பேர்ல ஒருத்தர் ஆபீசர். இன்னொருத்தர் தரை பெருக்குற அம்மா.

"உனக்கு ஏம்மா வலிக்கலை?"

"நான் எங்கய்யா உக்காந்தேன்? ஆபீசர் ஐயா நாற்காலிக்கு முதுகு இருக்கு. இவங்க உக்கார்றதுக்கு இல்லை. அவ்வளவுதான் சங்கதி."

"நாற்காலிக்கு நோய் வராதும்மா. படிவத்துல மனுஷங்க கணக்குதான் கேட்டிருக்கு" அப்படின்னு பொறுமையா விளக்கிட்டு, ஆய்வாளர் ஆபீசர் பக்கம் திரும்பினார். ஆபீசருக்கு இயற்கையாவே எதிர்ப்பு சக்தி அமைஞ்சிருக்குன்னு நோட்டுல ஏறிச்சு. அதோட ரகசியம் என்னன்னு கேட்டதுக்கு ஆபீசர் அடக்கமா, "தினம் காலையில பத்து நிமிஷம் பின்னாடியே நடப்பேன்"ன்னார்.

அதுக்கப்புறம் எங்க ஆபீஸ்ல யாரும் முன்னாடி நடக்கலை. கையெழுத்து வாங்கப் போறவங்க, டீ கொண்டு வர்றவங்க, மனு குடுக்க வந்த பொது ஜனங்க வரைக்கும் வராந்தாவுல பின்னாடியே நடந்தாங்க. நானும்தான். ரெண்டு தடவை தபால் பெட்டியில இடிச்சு, வலி முழங்காலுக்கும் பரவுச்சு. அதையும் ஆய்வாளர் குறிச்சுக்கிட்டார்.

முதல் நோயாளியைத் தனிமைப்படுத்தணும். கதவு உள்ள தனி அறை ஆபீஸ்லயே ஒண்ணுதான், ஆபீசருடையது. பொது நலம் கருதி அவர் அதை விட்டுக் குடுத்தார். கட்டு அண்ணனை உள்ள விட்டு, கதவுல சிவப்பு நாடா ஒட்டியாச்சு. இருபத்தி ஒரு நாள், பத்து மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும். மத்த நேரத்துல இந்த நோய் பரவாது, ஏன்னா அலுவலக நேரத்துக்கு வெளிய நடக்குறதுக்கு ஆபீஸ் பொறுப்பில்லை. அறையில ஏற்கெனவே ஒரு தனி இருக்கை இருந்ததால, அண்ணன் கேட்ட நாற்காலி 'தேவை பூர்த்தியானது'ன்னு ரத்தாச்சு.

ஆபீசர் எங்க உக்கார்றது? காலியா இருந்த இருக்கை ஒண்ணுதான். ரெக்கார்டு ரூம் முக்காலி.

நாலாவது நாள் சாயங்காலம் ஆபீசர் எழுந்திருக்கும்போது "லேசா பிடிச்ச மாதிரி இருக்கே"ன்னார். ஆய்வாளர் ஓடி வந்தார். நோயாளி உக்காந்த இடத்துல உக்காந்தா நாலே நாள்ல பிடிக்குது. தொற்றுதாங்கிறதுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்? மேலிடத்துக்கு அவசரத் தபால் போச்சு. அதை அனுப்பினது நான்தான், உக்கார பயந்து நின்னுக்கிட்டே கவரை ஒட்டினேன்.

உள்ள கட்டு அண்ணன் சுத்தினார், சாய்ஞ்சார். மூணாவது வாரம் ஒரு காலையில சம்சாரம் செருப்பு வாரைப் பிடிக்கக் குனியறதுக்குள்ள, அவரே குனிஞ்சு மாட்டிக்கிட்டார். "இன்னொரு காலையும் மாட்டுங்க, பாப்போம்"னு அது சொல்லிச்சாம். மாட்டினார். அது உள்ள போய் முகத்தைக் கழுவிட்டு வந்துச்சாம்.

இருபத்தி ரெண்டாவது நாள் ஆபீஸ் முழுக்கக் குழுவா கூடிச்சு. ஆய்வாளர் அறிக்கை வாசிச்சார்: தனிமையாலும் ஒழுங்கான நிர்வாகத்தாலும் நோயாளி பூரண குணமடைந்தார். கட்டு அண்ணனுக்குச் சான்றிதழ் குடுத்தாங்க, நாங்க கை தட்டினோம். அடுத்தது கிருமி நீக்கம். முக்காலி மரம், ஈரத்துணியால துடைச்சா போதும். நுரையில கிருமி தங்கும், அதனால நாற்காலியை எரிச்சுடணும்.

அண்ணன் எழுந்து நின்னார். "சார், அந்த நாற்காலியில உக்காந்ததாலதான் எனக்குச் சரியாச்சு."

"அதைத்தான் நானும் சொல்றேன். உங்க நோய் முழுக்க அதுல இறங்கியிருக்கு."

"இறங்கினா இறங்கட்டும் சார். அதை எனக்கே குடுத்துடுங்க. என் நோய்தானே."

"குணமானவர்கிட்ட நோயைக் குடுக்க விதி இல்லை."

யார் தூக்கிட்டுப் போறதுன்னு கேள்வி வந்துச்சு. நாங்க எல்லாரும் நோயாளி. வந்து போனவருக்கு மறுபடி வராதுங்கிறதால கட்டு அண்ணனே தூக்கணும்னு ஒருமனதா முடிவாச்சு. நானும் கை தூக்கினேன். ரெண்டு மாடி இறக்கி, பின்பக்கத்து மதில் ஓரமா வச்சார். ஆய்வாளர் தீ வச்சார். நாப்பது பேரும் இடுப்புல கை வச்சுக்கிட்டு, ஆபத்து நீங்கின நிம்மதியில பாத்துக்கிட்டு நின்னோம்.

கட்டு அண்ணன் மட்டும் பாதி வளைஞ்சபடியே இருந்தார்.

"ஏன் குனிஞ்சிருக்கீங்க?"ன்னு ஆய்வாளர் கேட்டார்.

அண்ணன் கையில இருந்த சான்றிதழைப் பாத்தார். "மரியாதைக்கு சார்."

மறுநாள் ராஜினாமாவை எழுதிட்டு வந்தார். ஹெட் கிளார்க் படிச்சுட்டுத் திருப்பிக் குடுத்தார்.

"முதுகுவலி காரணமான்னு எழுதியிருக்கீர். உமக்கு முதுகுவலி இல்லை. இல்லாத வலிக்கு ராஜினாமா செல்லாது."

"சொந்தக் காரணம்னு எழுதிடட்டுமா?"

"எழுதலாம். பென்ஷன் கிடைக்காது."

அண்ணன் தாளை நாலா மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, முக்காலியில போய் உக்காந்தார். அன்னிக்கே யாரோ ஒரு கட்டு கேட்டாங்க. இறக்கினார். ஆபீசருக்கு ஒரு வாரத்துல புது நாற்காலி வந்துச்சு. இது சாயறதோட, காலும் நீட்டிக்கலாம்.

நாற்காலி எரிஞ்ச சாம்பலை மட்டும் யாரும் வீணாக்கலை. அண்ணன் நோயை ஒட்டு மொத்தமா உறிஞ்சின சாமான்னா, அதோட சாம்பல் நம்ம நோயை உறிஞ்சாதான்னு டைப்பிஸ்ட் அக்காதான் ஆரம்பிச்சு வச்சுது. பழைய ஃபைல் தாள்ல பொட்டலம் கட்டி ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டோம். ஆய்வாளர் ரெண்டு வாங்கிட்டுப் போனார். அண்ணன் பங்கை அவர் சம்சாரம் வந்து வாங்கிக்கிச்சு. முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போச்சு.

ராத்திரி நானும் இடுப்புல தடவிக்கிட்டுப் படுக்குறேன். ரப்பர் நாத்தம் அடிக்குது. ஆனா சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் தேவலை.