புளி குறைத்த கருணைக்கிழங்கு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கருணைக்கிழங்கு சமைக்கத் தெரியும் என்று மட்டும் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். (நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுறா. இப்பவே சிரிக்கிறா.)

மூலத்துக்குப் பிடிகருணை மாதிரி ஒன்று கிடையாது. வயிறு லேசாகும், பசி எடுக்கும். ஆனால் தோண்டிய கிழங்கைச் சில வாரம் மூலையில் போட்டு வாட விட வேண்டும். அரிசி களைந்த தண்ணீரில் வேகவைத்து, புளியைத் தாராளமாகக் கரைத்து ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும். குடவாசல் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

என் மகள் செல்வியைப் பெண் பார்த்துப் போன சீர்காழிக்காரர்கள், தை மாதம் பேச்சு முடிக்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, இரண்டே பேர். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். இலையில் உட்கார்ந்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. செல்விக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. (வாயால சொல்லல. அன்னைக்கு மூணு தடவ வாசல் கூட்டினா.)

மாப்பிள்ளையின் அப்பா நாற்காலி நுனியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரரை அடுப்படிக்குக் கூப்பிட்டேன்.

"அவருக்கு மூலம்ங்க. பாத்தாலே தெரியுது."

"அத நீ ஏன் பாக்குற? சாம்பாரும் பொரியலும் போதும்."

"சம்பந்தியாவப் போறவரு கஷ்டப்படுறாரு. சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

வாடின கிழங்கு பொங்கலோடு தீர்ந்திருந்தது. கொல்லையில் அன்று காலை தோண்டியதை எடுத்தேன். அந்தம்மா வேறு, தனக்குப் புளி ஒத்துக்கொள்ளாது என்று சொல்லியிருந்தார். மரியாதைக்காகப் புளியைப் பாதியாகக் குறைத்தேன்.

பேச்சு நல்லபடியாகப் போய், என் வீட்டுக்காரரோடு இலையில் உட்கார்ந்தார்கள். நானே பரிமாறினேன்.

"நல்லா போட்டுக்குங்கண்ணே. மூலத்துக்கு நல்லது. ஒரு வாரத்துல நிமிந்து உக்காரலாம்."

"யாரு சொன்னது ஒங்ககிட்ட?" என்றார் அந்தம்மா.

"யாரும் சொல்லலீங்க. அண்ணன் உக்காந்த விதத்துலயே தெரிஞ்சுது."

மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்படுகிறார் என்று இன்னும் ஒரு கரண்டி வைத்தேன். அப்புறம்தான் அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். அந்தம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "என்னத்தடி போட்ட?" என்று என் வீட்டுக்காரர் கேட்டது பூனைக்குட்டி கத்தினது போல இருந்தது.

சம்பந்தி எழுந்து போய்க் கை கழுவினார். காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, சட்டைப் பேனாவால் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினார். எழுதிக் கொடுக்கிறார் என்றால் சம்பந்தம் வேண்டாம் என்றுதானே? கும்பிட்டுக்கொண்டே அழுதேன்.

"புளியக் குறைச்சது என் தப்புங்க. எம்பொண்ணு என்ன மாதிரி இல்ல, நல்லா சமைப்பா."

அவர் தலையைத் தலையை ஆட்டித் தாளைக் காட்டினார். நான் இன்னும் சத்தமாக அழுதேன். செல்வி வந்து தாளைப் பிடுங்கிப் படித்தாள்.

"எம்மா, அழுவாத. மாசியில நிச்சயம் வச்சுக்கலாமாம். மோர் இருந்தா குடுக்கச் சொல்றாரு."

இப்போது சம்பந்தி நாற்காலி நிறைய உட்காருகிறார். கருணைதான் காரணம். (ஆபரேஷன்தான் காரணம்னு அவரு சொல்லுவாரு.) எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பூ, பழத்தோடு ஒரு புளி உருண்டையும் கொண்டு வருவார். செருப்பைக் கழற்றும் முன்பே அதை என் கையில் கொடுத்துவிடுவார்.

"மொதல்ல இதக் கரைங்க, சம்பந்தியம்மா. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."