லெவல் அண்ணாச்சி மறந்துபோன ஆயில்

புனே நகரத்தில் ஓடும் வண்டிகளில் இரண்டே வகைதான் உண்டு. லெவல் அண்ணாச்சி பானெட்டைத் திறந்து பார்த்தவை, இனிமேல் பார்க்கப் போகிறவை. கோர்படி பக்கம் வந்து பத்து நிமிஷம் நிற்கிற எந்த வண்டியும் முதல் வகைக்குப் போய்விடும். சொந்தக்காரரிடம் அனுமதி கேட்கிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. ஒருமுறை கன்டோன்மென்ட்டில் ஒரு ராணுவ ஜீப்புக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தவரைப் பிடித்து விசாரித்தார்கள். விசாரித்த அதிகாரியிடமே, "சாப், ஆயில் காலா ஹோ கயா, பதல்னா படேகா" என்று, ஆயில் கறுத்துவிட்டது, மாற்றியாக வேண்டும் என இந்தியில் சொல்லிவிட்டு, அங்கேயே டீயும் குடித்துவிட்டு வந்தார்.

அவருக்கும் பெற்றோர் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது கோர்படியில் யாருக்கும் தெரியாது. "சௌக்கியமா?" என்று கேட்க வேண்டிய இடத்தில் "லெவல் பாத்தீராவே?" என்று கேட்பார். இஞ்சின் ஆயில் அளவைப் பார்த்தீரா என்று அர்த்தம். கல்யாண வீட்டில் கேட்பார், கோயில் பிராகாரத்தில் கேட்பார், ஒரு துக்க வீட்டில் இறந்துபோனவரின் மூத்த மகனிடமே கேட்டார். அந்த மகனும் அழுகையை நிறுத்திவிட்டு "இன்னும் பாக்கல அண்ணாச்சி" என்று பதில் சொன்னார். ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய நண்பர் ஒருவர், தனக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிய கதையைச் சொன்னபோது அண்ணாச்சி கவலையோடு குறுக்கிட்டார்.

"பழச வடிச்சுட்டுத்தானவே ஏத்துனாவ?"

ஊர் திருநெல்வேலி. ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "டைம் எங்கவே இருந்துச்சு?" என்பார். ஓய்வு பெற்றதும் வெள்ளை நிறத்தில் ஒரு பிக்கப் வண்டி வாங்கினார். புனேக்காரர்கள் அதை டெம்போ என்பார்கள். சாமான் ஏற்றி வாடகைக்கு ஓட்டுவதாகத் திட்டம். சாமான் ஏற்றினால் வண்டி அழுக்காகுமே என்பது வாங்கிய பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அதனால் ஓட்டுவதைக் குறைத்துக்கொண்டு துடைப்பதை அதிகமாக்கினார். செருப்போடு யாரும் அதன் பின்பக்கத்தில் கால் வைக்க முடியாது.

மகர்பட்டாவில் ஒரு ஐ.டி. தம்பதி வீடு மாற்ற அவரை ஒருமுறை கூப்பிட்டார்கள். காலை ஏழு மணிக்கே போய்விட்டார். நாலு டயருக்கும் காற்று பார்த்தார். கூலன்ட் பார்த்தார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். பேட்டரி முனையைப் பிரஷ்ஷால் தேய்த்தார். இஞ்சினைச் சும்மா ஓடவிட்டுச் சூடேற்றினார். பிறகு ஈரத்துணியைக் கொடுத்து, கட்டிலின் நாலு காலையும் துடைத்து ஏற்றச் சொன்னார். அதற்குள் அந்தப் பெண் ஆட்டோ பிடித்துப் பாதி வீட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

டிப்ஸ்டிக் என்கிற அந்த ஆயில் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி உள்ளே விட்டு, மறுபடி உருவித்தான் பார்ப்பார். முதல் தடவை தெரிகிற அளவை நம்பக் கூடாதாம். துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட் என்கிற கழிவுத் துணி, எண்ணெய்க் கறையோடு எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். ஒரு கல்யாண வரவேற்பில் போட்டோவுக்கு நிற்கும்போது வியர்க்கிறதே என்று அதை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டார். அந்த ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், மீசை எது புருவம் எது என்று தெரியாத ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்பார்.

இப்போது வரும் வண்டிகளில் ஆயில் மாற்ற நேரமாகிவிட்டால் டாஷ்போர்டில் ஸ்பேனர் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. மாற்றிய பிறகு அதை நாம்தான் அணைக்க வேண்டும். நான் வைத்திருக்கிற மாடல் வண்டியில் சாவியைத் திருப்பி, மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள பட்டனைப் பத்து எண்ணும்வரை அமுக்கிப் பிடித்தால் விளக்கு நாலு தடவை சிமிட்டிவிட்டு அணையும். கணக்கு பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். மற்றவர்களுக்கு இது பத்து விநாடி வேலை, அண்ணாச்சிக்குக் கும்பாபிஷேகம். வடித்த பழைய ஆயிலையும் கழற்றிய ஃபில்டரையும் முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். புது ஆயில் ஊற்றி, லெவல் பார்த்து, வடிகால் போல்ட்டில் சொட்டு இருக்கிறதா என்று தரையில் படுத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகே பட்டனில் விரலை வைத்து "ஒண்ணு... ரெண்டு..." என்று ஆரம்பிப்பார். சுற்றி நிற்பவர்கள் பேசக் கூடாது. ஒருவர் தும்மினார் என்பதற்காக மறுபடி ஒன்றிலிருந்து எண்ணியதும் உண்டு.

"ஆயில மாத்தாம வெளக்க மட்டும் அமத்துனா என்ன அண்ணாச்சி?" என்று ஒருநாள் சும்மா கேட்டு வைத்தேன்.

"நீரு பேங்குல இருந்தவருதானவே? அடுத்தவன் கையெழுத்த நீரு போடுவீரா?"

அன்றைக்கே நான் உஷாராகியிருக்கலாம்.

நான் வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவன். என் மனைவி கோமதி இட்லி மாவு அரைத்து விற்கத் தொடங்கி, அது மகர்பட்டா அடுக்குமாடிகள் வரை போய், கடைசியில் எங்களுக்கும் ஒரு பிக்கப் வண்டி வந்துவிட்டது. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் அவள் பெயர். "மாவு என் பொறுப்பு, சமையல் என் பொறுப்பு. வண்டி ஒண்ணுதான் உங்க பொறுப்பு. அதையாவது பாத்துக்கிடுங்க" என்றாள். அந்த 'அதையாவது' என்ற சொல்லுக்குப் பின்னால், கேஸ் புக் செய்ய மறந்தது முதல் அவள் தம்பி கல்யாணத்துக்குத் தேதி மாற்றி டிக்கெட் எடுத்தது வரை இருபத்தெட்டு வருஷ வரலாறு இருந்தது.

மஞ்சள் விளக்கு முதல் தடவை எரிந்த வாரம் ஆர்டர் அதிகம். போனில் ஒரு வீடியோ பார்த்தேன். சாவி, பட்டன், பத்து எண்ணிக்கை. விளக்கு அணைந்தது. வங்கியில் வரும் சுற்றறிக்கைகளைப் படிக்காமலே ஓரத்தில் இனிஷியல் போட்டுப் பழகிய கை இது. ஆயிலை அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"வெளக்கு எரிஞ்சுதே, ஆயில் மாத்தியாச்சா?" என்று கோமதி கேட்டாள்.

"அண்ணாச்சி மாத்திட்டாரு."

அந்தப் பெயரைச் சொன்னதும் அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மாதங்கள் போய் விளக்கு மறுபடி எரிந்தது. மறுபடி அணைத்தேன், மறுபடி அதே பதில். இந்த முறை வீடியோகூடத் தேவைப்படவில்லை. அண்ணாச்சியிடம், கம்பெனி சர்வீஸில் விடுகிறேன் என்று சொல்லி வைத்தேன். அவர் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசவில்லை. பானெட்டைத் திறக்க இடமில்லாதபடி வண்டியின் மூக்கைச் சுவரோடு ஒட்டி நிறுத்தவும் பழகிக்கொண்டேன்.

போன வருஷம் மகர்பட்டாவில் ஓர் அலுவலகத்திலிருந்து கோமதிக்கு அழைப்பு வந்தது. ஒரு நாள் எல்லோருக்கும் காலைச் சிற்றுண்டி கொடுக்க வேண்டும், பிடித்துப்போனால் தினமும். அவள் நாலு நாள் சரியாகத் தூங்கவில்லை. அன்று காலை இட்லிப் பெட்டிகளும் சாம்பார் அண்டாவும் பின்னால் ஏறின. சட்னித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு கோமதி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோர்படி ரயில்வே கேட் மூடியிருந்தது. அது எப்போதும் மூடித்தான் இருக்கும். இஞ்சினை ஓடவிட்டபடி வரிசையில் நின்றோம்.

டாஷ்போர்டில் எண்ணெய்க் குப்பி படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கியது. இதற்கு எந்தப் பட்டன் என்று யோசித்தேன்.

கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் நம் திருநெல்வேலி ஆட்களோடு நின்றிருந்த அண்ணாச்சி, எங்கள் இஞ்சின் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். டீ கிளாஸைப் பக்கத்தில் நின்றவர் கையில் திணித்துவிட்டு ஓடி வந்தார்.

"நிறுத்தும்வே! இஞ்சின நிறுத்தும்! டக்டக்னு தட்டுது, காது கேக்கலியா உமக்கு?"

நான் நிறுத்துவதற்குள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவரே சாவியைத் திருப்பினார். பானெட் திறந்தது. குச்சியை உருவினார், துடைத்தார், விட்டார், உருவினார். நுனியில் தார் மாதிரி ஒரு கறுப்புத் தீற்றல் மட்டும் இருந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின, வண்டியை ஓரங்கட்டச் சொல்லி மராத்தியில் ஒரு குரல் வந்தது.

"ஓ காகா! காடி பாஜூலா கியா நா!"

"தாம்பா பாவூ! இஞ்சின் மர் ஜாயேகா!" என்று, பொறுங்கள், இஞ்சின் செத்துப்போகும் என்பதை மராத்தியும் இந்தியும் கலந்து அவர்களுக்குச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "மீட்டரு சக்கரம் ஓடுனதத்தான்வே எண்ணும். தெனமும் இந்தக் கேட்டுல நின்னு இஞ்சின் ஓடுதே, அத யாரு எண்ணுவா? எப்பம்வே ஆயில் மாத்துனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி இறங்கி வந்துவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி இப்பிடிக் கேக்கிய? ரெண்டு மாசத்துக்கு முன்னால நீங்கதான மாத்துனிய? இவங்க சொன்னாங்களே!"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன். ஏழு வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது.

"ஆமா தங்கச்சி," என்றார் அண்ணாச்சி. "மாத்துதேன்னு வாங்கிட்டுப் போனேன். வெளக்க மட்டும் அமத்திட்டு ஆயில் ஊத்த மறந்துட்டேன். தப்பு எம்மேலதான்."

டீக்கடையில் பேச்சு நின்றது. ஊரில் யாராவது திருடிவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு அமைதி வந்திருக்காது.

"ஒங்கள நம்பித்தான அண்ணாச்சி விட்டோம்..." என்றாள் கோமதி.

அவர் விடுவிடுவென்று நடந்து போய்த் தன் வெள்ளை வண்டியைக் கொண்டு வந்தார். டயர் பார்க்கவில்லை, சூடேற்றவில்லை. அண்டாவையும் பெட்டிகளையும் செருப்புக் காலோடு ஏறி நின்று மாற்றினோம். முதல் வேகத்தடையிலேயே சாம்பார் தளும்பி அந்த வெள்ளைத் தகடெல்லாம் மஞ்சளாக வழிந்தது. "அது கெடக்கட்டும்" என்று சொல்லி, வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த ஆர்டர் இன்றுவரை தினமும் நடக்கிறது.

அன்று மத்தியானம் கேட் ஓரத்திலேயே எங்கள் வண்டியின் பழைய ஆயிலை வடித்தார். கீழே படுத்து தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். கருப்பட்டிப் பாகு போல அது விழுவதற்கே யோசித்தது. புது ஃபில்டர், புது ஆயில். இஞ்சின் பிழைத்தது. ஏற்கெனவே அணைந்திருந்த மஞ்சள் விளக்குக்காக என்னையே பட்டனை அமுக்கி, வாய்விட்டுப் பத்து எண்ணச் சொன்னார். எண்ணினேன்.

"ஏன் அண்ணாச்சி அப்படிச் சொன்னிய?" என்று கேட்டேன்.

"உம்ம வீட்டம்மா கையப் பாத்தேன்வே. வண்டிய விட்டு எறங்குனப்பகூட சட்னித் தூக்க விடாமப் புடிச்சிருந்தா. அங்க போயிச் சிரிச்ச மொகத்தோட பரிமாறணும்லா? அந்நேரம் போயி புருசன் பொய் சொன்ன கதையச் சொல்லச் சொல்லுதீரா?" பனியன் வேஸ்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "சாயங்காலம் நீரே வீட்டுல சொல்லிரும்."

"சரி அண்ணாச்சி" என்றேன்.

சொல்லவில்லை. அன்று அவள் சந்தோஷமாக இருந்தாள், மறுநாள் களைப்பாக இருந்தாள், அதற்கு மறுநாள் எனக்கே ஒரு காரணமும் தேவைப்படவில்லை. பத்து மாதம் ஓடிவிட்டது. டீக்கடையில் இப்போது எல்லோரும் அவரைப் பார்த்துத்தான் "லெவல் பாத்தீயளா அண்ணாச்சி?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அவரிடம் வண்டியைக் காட்ட வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மாவு டப்பாவைக் கோமதி நிறுத்திவிட்டாள். மனிதர் கடையில் பாக்கெட் மாவு வாங்குகிறார். "புளிப்பே இல்லவே, சுண்ணாம்பு மாதிரி இருக்கு" என்று என்னிடமே சொன்னார். 'சொல்லிட்டீரா?' என்று மட்டும் ஒருநாளும் அவர் கேட்டதில்லை.

நான் இதை எழுதி அனுப்புகிற இந்தப் பத்திரிகையைக் கோமதி ஒரு பக்கம் விடாமல் படிப்பவள். கோமதி, ஆயிலை மாற்றாதது நான். இரண்டு தடவையும் நான்தான். திட்ட வேண்டியதைச் சாவகாசமாகத் திட்டிக்கொள்ளலாம், முதலில் அவர் வீட்டுக்கு மாவு போகட்டும்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. எங்கள் ஊரில் முன்பின் தெரியாத கடைக்காரரைக்கூட அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம், இவரையும் அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்தேன். இப்போதெல்லாம் அந்தச் சொல்லை அவ்வளவு லேசாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.