பூஜ்ஜியம் பேர் கடக்கும் கேட்

திருவானைக்காவல் பக்கத்து ரயில்வே கேட்டை இனி கம்ப்யூட்டரே மூடும் என்று எங்கள் தானியங்கிக் கதவு இயக்ககம் பெருமகிழ்ச்சியுடன் தீர்மானித்தது. மணி அடிக்கும். தண்டவாளத்தில் ஆள் இருந்தால் புரோகிராம் பொறுத்து, மறுபடி பார்க்கும். ஆள் இல்லையென்றால் கேட்டை இறக்கும். இறங்கும்போது யாராவது வந்தால் திரும்பத் தூக்கிவிடும். கேட் மூடினால்தான் ரயிலுக்குப் பச்சை விளக்கு.

அந்தப் புரோகிராமை ஓட்டிப் பார்க்காமலே, எழுதியிருப்பதைப் படித்து, கேட் மூட அதிகபட்சம் எவ்வளவு நேரமாகும் என்று சான்று தர இன்ஜினியர் சுஜா வந்தார்.

"ஓட்டாமலே சொல்லிடுவீங்களா?" எங்கள் அதிகாரி தைரியராஜ் நெகிழ்ந்துபோனார். வேலையே பார்க்காமல் நேரம் சொல்வது எங்களுக்குப் பழக்கம்தான். அதற்குப் படிப்பு வேறு இருக்கிறதென்று அன்றுதான் தெரிந்தது.

"ஒரு எண் மட்டும் நீங்க தரணும் சார். மணி அடிச்சப்புறம் அதிகபட்சம் எத்தனை பேர் குறுக்க போவாங்க?"

"சட்டப்படி யாரும் போகக் கூடாதும்மா."

"போவாங்களே சார்."

"சட்டத்துல இல்லாதவங்களை எப்படிம்மா எண்ணுறது? பூஜ்ஜியம்னு போடுங்க."

"நம்ம ஊர்க்காரங்களைத் தெரிஞ்சுக்கிட்டே பூஜ்ஜியம் போட எனக்குக் கை வரல சார். நாளைக்கு ரயில் நின்னா பழி என் தலையில விழும்."

தைரியராஜ் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன்: 'மணி ஒலித்த பின் கடப்போர் எண்ணிக்கை பூஜ்ஜியம் எனக் கருதி இதனால் ஆணையிடப்படுகிறது.' ஆணை வந்த பிறகு சுஜா என்ன செய்வார், பாவம். 'அலுவலகம் தந்த எண் சரியாக இருக்கும் பட்சத்தில்' என்று சான்றில் பொடி எழுத்தில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

திறப்பு விழாவன்று தைரியராஜும் நானும் முதல் ரயிலில் வந்தோம். கேட்டுக்கு அந்தப் பக்கம் மாலையும் கேசரியும் காத்திருந்தன. கேட்டுக்குச் சற்று முன்னால் ரயில் நின்றுவிட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. சமயபுரம் போகிற ஷேர் ஆட்டோ கடந்தது. அது போனதே என்று ஒரு ஸ்கூட்டி, ஸ்கூட்டியே போனதே என்று ஒரு லாரி. எல்லார் முகத்திலும் 'நான் ஒருத்தன்தானே'. கேட் மரியாதையாகப் பொறுத்துக்கொண்டது.

ரயிலில் இருந்தவர்களும் மனிதர்கள்தானே, எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்கள்? இறங்கி, கேட் வழியாக நடந்து ஆட்டோ பிடிக்கப் போனார்கள். கேட் அவர்களுக்காகவும் பொறுத்தது.

கேட்டருகே நின்ற சுஜாவுக்கு தைரியராஜ் போன் போட்டார். "என்னம்மா கணக்கு இது? உங்களுக்கு மெமோ வரும்."

"இப்பதான் சார் எல்லாரும் போய் முடிச்சாங்க. கேட் இறங்குது. தயவுசெஞ்சு அப்படியே உட்கார்ந்திருங்க."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான், தண்டவாளத்தில் ஈ காக்கை இல்லை.

"காலியா இருக்குய்யா. இப்பவே இறங்கி நடந்துடலாம், வா" என்றார் தைரியராஜ்.

இறங்கினோம். இரண்டே பேர்தானே. பாதி இறங்கிய கேட் எங்களைக் கண்டதும் மேலே எழும்பி வழிவிட்டது. எதிர்ப்பக்கம் காத்திருந்த இன்னொரு லாரியும் சரி என்று கிளம்பியது.

கேசரி சூடாகவே இருந்தது. சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, ரயில் ஏன் இன்னும் வரவில்லை என்று சுஜாவிடம் விளக்கம் கேட்டோம்.