அருமைக்காரருக்கு ஹீட்டர் போட்ட கதை

கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. ஹாரன் அடிக்கும் தைரியம் வர மேலும் ஒரு வருடம் ஆனது. (முன்னால் போகிறவர் என்ன நினைப்பாரோ!) அப்படிப்பட்டவளை நம்பி ஒரு முகூர்த்தத்தையே ஒப்படைத்தார்கள் என்றால், அன்றைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அண்ணன் மகனுக்கு வெள்ளகோவிலில் கல்யாணம். நல்ல சித்திரை வெயில். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் சீர்களையெல்லாம் முன்நின்று செய்துவைக்கும் பெரியவருக்கு அருமைக்காரர் என்று பெயர். அவர் வராமல் தாலி ஏறாது. எங்கள் அருமைக்காரர் முந்தின நாள் சீர்களை முடித்துவிட்டு, சொந்தக் கட்டிலில்தான் தூக்கம் வரும் என்று தாராபுரத்துக்கே போய்விட்டார். காலையில் அவரை அழைத்துவர வேண்டிய டிரைவர் போனை எடுக்கவில்லை. மண்டபத்து வாசலில் நின்றிருந்ததோ எங்கள் கார் ஒன்றுதான். மாப்பிள்ளை அழைப்புக்கு ஜோடித்த கோலத்தில், முகம் முழுக்கச் செவ்வந்திப்பூவோடு நின்றது.

"நீ போயிட்டு வந்துரு கண்ணு. ஒம்பதரைக்குள்ள பெரியவரு இங்க இருக்கோணும்" என்றார் அண்ணன். மாட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் கிளம்பினேன்.

போகும்போதே வெப்பம் காட்டும் முள் பாதியைத் தாண்டியிருந்தது. நல்ல காரியத்துக்குப் போகிறோம், முள்ளும் உற்சாகமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (பத்தாம் வகுப்பில் அறிவியலில் முப்பத்தாறு மார்க்.) பெரியவரை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பத்து கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை, முள் சிவப்பைத் தொட்டது.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது: என்ஜின் சூடானால் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுதாகத் திறக்க வேண்டும், என்ஜின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும். திறந்தேன். கொஞ்சம் என்றா சொன்னார்? அடுப்பு வாயைத் திறந்ததுபோல் அனல் வந்தது.

பட்டு வேட்டி, பட்டுத் துண்டோடு முன்சீட்டில் இருந்த அருமைக்காரர் மெல்ல நெளிந்தார். ஒரு வருடமாகியும் நாங்கள் சீட்டின் பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அவர் நெளியும்போதெல்லாம் அது படபடத்தது.

"அம்மணி, ஏசி சித்த சூடா வர்றாப்பல இருக்குதுங்களே?"

"ஆமாங்க" என்றேன்.

"பரவாயில்லீங்க. எனக்குக் குளுரு ஆகாது" என்றார். நெற்றித் திருநீறு கரைந்து மூக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.

பானெட்டிலிருந்து ஆவி வரவும் ஓரம் கட்டினேன். மணி எட்டரை. போனில் அண்ணன் ஏழு முறை கூப்பிட்டிருந்தார். சுற்றிலும் சோளக்காடு. மொபெட்டில் சோளத்தட்டுக் கட்டு ஏற்றி வந்த ஒருவர் இறங்கிவந்து, பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"கேஸ்கட் போயிருச்சுங்க. வண்டி இனி நவுராது."

சொன்னதோடு நிற்காமல் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!"

சோளக்காட்டிலிருந்து மயில் ஒன்று பறந்தது. அந்தச் சத்தம் என் குரல்தான் என்று எனக்கே ஒரு நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. "சூடா இருக்கறப்பத் தொறந்தா மூஞ்சி வெந்துருமுங்க" என்று தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டேன்.

கத்தியாகிவிட்டது. இனி வேலை தெரிந்தவள்போல் நடந்துகொள்வதே மரியாதை. குனிந்து பார்த்தேன். கூலண்ட் டப்பாவில் தண்ணீர் கோட்டளவில் இருந்தது. கீழே ஒழுகலும் இல்லை. என்ஜினை நிறுத்திய பிறகும் உள்ளே ஃபேன் சர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாம் சரியாக இருந்தால் சூடு எங்கிருந்து வருகிறது?

நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை இழுக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டுத் துணியை அதன் எதிரில் பிடிப்போம். சேலை முந்தானையை எடுத்துக் காரின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். முந்தானை அசையவே இல்லை. ஃபேன் சுற்றுகிறது, காற்று போகவில்லை.

பூவை விலக்கினேன். பின்னால் ஒரு யூரியா சாக்கு, காற்று நுழைகிற சந்துகளையெல்லாம் அடைத்துக்கொண்டு இறுக்கமாக நின்றது.

அந்தச் சாக்கை எனக்கு நன்றாகத் தெரியும். புதுக் காரின் பெயிண்டில் பூச்சாறு கறை பிடித்துவிடக் கூடாதென்று முந்தின நாள் நானே மடித்துக் கட்டியது.

"எந்தக் கிறுக்கனுங்க இதக் கட்டுனது?" என்றார் மொபெட்காரர்.

"டெக்கரேசன்காரங்களா இருக்குமுங்க" என்றேன், தரையைப் பார்த்தபடி.

அருமைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஆமாமா, அவியதான்" என்றார்.

முடிச்சு அவிழ்வதாக இல்லை. மொபெட்காரரின் அருவாளை வாங்கி நாலு கயிற்றையும் அறுத்தேன். பூவும் சாக்கும் பின்சீட்டுக்குப் போயின. முந்தானையை மறுபடியும் பிடித்தேன். பச்சென்று கிரில்லில் ஒட்டிக்கொண்டது. பட்டுச் சேலை பாழாகிறதே என்றுகூடத் தோன்றவில்லை, அத்தனை சந்தோசம். இருபது நிமிடம் காத்திருந்து வண்டியை எடுத்தபோது முள் நடுவில் வந்து அடக்கமாக உட்கார்ந்தது.

"அட, அம்மணி மெக்கானிக்குங்களா?" என்றார் மொபெட்காரர். நான் மறுக்கவில்லை. வெள்ளகோவில் வரை எதிரில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹாரன் அடித்துக்கொண்டே போனேன்.

பாதி வழியில் அருமைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "முடிச்சு நல்லா அழுத்தமாத்தான் போட்டிருந்தீங்க அம்மணி. நேத்து நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

ஒன்பது இருபத்தைந்துக்கு மண்டபம். தாலி ஏறும்வரை பெரியவர் வாயைத் திறக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்ததும் திறந்தார். ரசம் வருவதற்குள் மொத்த மண்டபத்துக்கும் தெரிந்துவிட்டது.

இப்போது எங்கள் சொந்தத்தில் யாருக்குச் சளி பிடித்தாலும், "மாத்திரை எதுக்கு, அத்தை கார்ல ஒரு ரவுண்டு போயிட்டு வா" என்கிறார்கள். ஆனால் எந்தக் கல்யாணக் காரை ஜோடித்தாலும், நான் வந்து முந்தானையைப் பிடித்துப் பார்க்காமல் கிளப்புவதில்லை. போன மாதம் இன்னொரு கல்யாணத்துக்கு அருமைக்காரரை அழைத்து, எந்தக் காரை அனுப்பட்டும் என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

"அந்த அம்மணியவே வரச் சொல்லுங்க. வண்டி நின்னாலும் கொண்டாந்து சேத்திருவாங்க. நான் மட்டும் துண்டு ரெண்டா எடுத்து வெச்சுக்கறேன்" என்றாராம்.