இடம் வலம் மாறினாலும் சமம்

"கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?" என்று கணக்கு வாத்தியார் கேட்டதும் அவர் மனைவி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"யாரக் கேக்கறீங்க?"

"உங்களத்தாங்க."

தம்ளர் கை நழுவி உருண்டது.

அன்று காலை வகுப்பில்தான் வினை தொடங்கியது. "சமக்குறிக்கு இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மாத்திப் போட்டாலும் ஒண்ணுதான்" என்று அவர் பலகையில் எழுத, கடைசி பெஞ்சு மாணவி எழுந்தாள். "சார், நீங்க உங்க வீட்டம்மாவ 'நீ'ன்னு சொல்வீங்க, அவங்க உங்கள 'நீங்க'ன்னு சொல்வாங்க. அது சமமா சார்?" மணி அடித்து வாத்தியாரின் மானத்தைக் காப்பாற்றியது.

"நான் என்ன தப்பு செஞ்சேன்? சொல்லிட்டுக் கோவப்படுங்க" என்றாள் மனைவி.

"கோவமே இல்லீங்க."

அந்த 'இல்லீங்க'வில் அவள் கண் கலங்கிவிட்டது. அடுத்த தெருவிலிருந்த அண்ணனுக்கு ஆள் போயிற்று. பஸ் கண்டக்டரான அவர் யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்.

"மாப்ள, என் தங்கச்சி மேல தப்பிருந்தா 'நீ'ன்னு உரிமையா நாலு வார்த்தை திட்டுங்க. 'நீங்க'ன்னு ஏன் பிரிச்சுப் பேசறீங்க?"

வாத்தியார் ஒரு தாளில் சமன்பாட்டையே போட்டு விளக்கினார். கண்டக்டர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"சரி, அவளே என்னை 'நீ'ன்னு கூப்பிடட்டும். அப்பவும் சமம்தானே?" என்று இறங்கி வந்தார் வாத்தியார்.

முதல் 'நீ' அவள் தொண்டையில் மீன் முள்ளாய்ச் சிக்கியது. இரண்டாவது இருமலோடு வந்தது. மூன்றாவது வழுக்கிக்கொண்டு வந்தது.

"நீ போய் அந்தத் துணிய மடி."

மடித்தார்.

"நீ பாத்திரத்தையும் கழுவிடு."

முழங்கை வரை நுரையோடு நின்றபோதுதான் வாத்தியாருக்குப் புத்தி வந்தது. "போதும். பழையபடி நீங்கன்னே கூப்பிடு."

"கூப்பிடுங்கன்னு சொல்லு" என்றாள் அவள்.

"என்னது?"

"இனிமே நான் நீன்னு சொல்றேன், நீ நீங்கன்னு சொல்லு. இடம் வலம் மாத்திப் போட்டாலும் ஒண்ணுதான்னு நீதானே சொன்ன?"

கண்டக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். வாத்தியார் நுரைக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார்.

"பதினாறு வருஷம் மச்சான்! ஒரு நாள், ஒரு பொழுது என்னை மரியாதக் குறைவாப் பேசினதில்ல இவ. தானா கெடச்ச மரியாதய நானே கெடுத்துக்கிட்டேனே!"

மனைவி ஏனோ ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

அப்போது மாடியில் புதிதாகக் குடிவந்திருந்த பெண் மூடிய கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். "அக்கா, கொஞ்சம் பால் மிஞ்சுச்சு. உங்க பூனைக்குக் கொண்டாந்தேன்."

"எங்க வீட்ல ஏதும்மா பூனை?" என்றார் வாத்தியார்.

"அப்ப அக்கா தினமும் போன்ல 'அது இன்னும் வீட்டுக்கு வரல, அது சாப்டுச்சு, அது தூங்குது'ன்னு யாரச் சொல்றாங்க?"