பீரோ பூட்டில் ஈர்க்குச்சி

மருத்துவம் படிக்கிற பிள்ளையை முதல் இரண்டு வருடம் வீட்டுக்குள் விடக் கூடாது. நோயும் தெரியாது, மருந்தும் தெரியாது. வாய் மட்டும் பேராசிரியருக்கு இருப்பதைவிட நீளமாக இருக்கும். என்னை விட்டதன் பலனை எங்கள் வீட்டுப் பீரோ இன்றுவரை அனுபவிக்கிறது.

பதினைந்து வருடம் இருக்கும். முண்டியம்பாக்கத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கண்டமங்கலத்தில் எங்கள் வீட்டில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். முந்தின நாளே வெள்ளைக் கோட்டோடு வந்து இறங்கினேன் (துவைக்கத்தான் கொண்டுவந்தேன், ஆனால் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை மாட்டிக்கொண்டு நடந்தேன்).

விடிந்ததும், தோழியிடம் இரவல் வாங்கிய கருவியில் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். ஏறி நின்ற அளவைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை அட்டை அவர் சட்டைப்பையில் ஒரு மாத்திரைகூடக் குறையாமல் இருந்தது.

“எனக்கு இன்னா கேடு? மல்லாக்கொட்டை மூட்டையத் தூக்கிக்கினு போறேன், வர்றேன். தலைவலிகூட கெடையாது. மாத்திரைய ஆரம்பிச்சாதான் பேஜாரு” என்றார்.

அவருடைய அண்ணனும் இப்படித்தான், ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே ஒருநாள் வயலில் சாய்ந்தவர். எனக்குப் பயம். அதைச் சொல்லத் தெரியாமல் பாடம் எடுத்தேன்.

“அப்பா, ரத்தக்குழாய்ச் செவுத்துல குட்டிக் குட்டியா பூட்டு இருக்குது. ரத்தத்துல ஓடுற ஒரு ஹார்மோன்தான் சாவி. அது உள்ள பூந்து திருப்புச்சுன்னா குழாய் இறுகிக்கும். நாள்பூரா திருப்பிக்கினே இருந்தா செவுரே தடிச்சு வெறைச்சுப்பூடும். அப்புறம் இதயம் தம் கட்டிக்கினு தள்ளணும். எத்தினி நாளைக்குத் தள்ளும்?”

“மாத்திரை இன்னா பண்ணும், டாக்டரம்மா?”

அங்கே நிறுத்தியிருக்கலாம். அம்மாவின் இடுப்பிலிருந்து சாவியை உருவினேன். பீரோவைப் பூட்டினேன். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை ஒடித்துச் சாவித்துவாரத்தில் செருகினேன்.

“மாத்திரை இப்பிடி முன்னாடியே போய் குந்திக்கும். சாவி வந்து முட்டிக்கினு நிக்கும். பாத்தியா, திரும்புதா?”

திரும்பவில்லை. அப்பா அசந்துபோனார்.

“சரிதான். இப்ப எடு.”

எடுத்தேன். பாதிக் குச்சி கையில் வந்தது.

பீரோவுக்குள் மாப்பிள்ளைக்கான மோதிரம், வேட்டி சட்டை, அக்காவின் அத்தனை நகைகள். வாசலில் திண்டிவனத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேன்.

“அடிப்பாவி! மாத்திரையும் இப்பிடித்தான் மாட்டிக்குமா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா, அது ஒரு நாள்ல தானா கழண்டுக்கும். அதான் தெனம் போடணும்.”

(ஈர்க்குச்சிக்கு அந்தக் குணம் கிடையாது. ஊக்கு, கம்மல் திருகாணி, தேங்காய் எண்ணெய் எல்லாம் தோற்றன.)

கூடத்தில் வந்தவர்களுக்கு இரண்டாவது காபி போனது. மூன்றாவதும் போனபோது அப்பா கடப்பாரையோடு வந்தார். முகம் சிவந்திருந்தது, வியர்வை ஊற்றியது. “அப்பா, நீ தூக்காத, உக்காரு” என்று அழுதேன். கேட்காமல் ஒரே நெம்பு. ஊரே திரும்பிப் பார்க்கும் சத்தத்தோடு கதவு திறந்தது. எல்லோரும் உள்ளே ஓடிவந்தார்கள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். அந்த நிமிடத்தில் நான் படித்தது எதுவும் எனக்கு நினைவில் இல்லை.

மூச்சு நிதானப்பட்டதும் அவரே நடந்ததைச் சொன்னார், பூட்டு, சாவி, குச்சி எல்லாவற்றையும். மாப்பிள்ளையின் அப்பா சிரிக்கவில்லை. மெல்லத் தன் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். அதுவும் முழுசாக இருந்தது.

“எனக்கும் இதே கதைதாங்க. ஒருத்தரும் இப்பிடி ஒடைச்சுச் சொல்லலீங்க.”

“ஒடைச்சது நான்தாங்க” என்றார் அப்பா.

தாம்பூலம் மாற்றுவதற்கு முன்னால் சம்பந்திகள் இருவரும் ஒரே சொம்புத் தண்ணீரில் ஆளுக்கொரு மாத்திரை விழுங்கினார்கள்.

இப்போது நான் விழுப்புரத்தில் டாக்டர். நோயாளிகளுக்குப் பூட்டு சாவிக் கதையைக் கையால் காற்றில் மட்டுமே செய்துகாட்டுகிறேன். நெளிந்த பீரோவை மாற்ற அப்பா விடவில்லை. பூட்ட முடியாத அதன் சாவியை அம்மா இன்னும் இடுப்பில் செருகியிருக்கிறாள். சம்பந்திகள் தினமும் காலையில் போனில் “குச்சி போட்டாச்சா?” என்று விசாரித்துக்கொள்கிறார்கள். அதை முடித்துவிட்டு அப்பா என்னைக் கூப்பிடுவார்.

“டாக்டரம்மா, போட்டாச்சு.”

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் காபி இறங்கும்.