கேக்குதாவின் ஜப்பான் பாஷை

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஜப்பானுக்கு இன்டர்நெட்டே இல்லாமல் பேசியிருக்கக்கூடிய ஒரே மனிதர் கேக்குதாதான். இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டி ஓட்டி, பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் பேசுவார். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் "கேக்குதா?" என்பார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அதே ஆலையில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். புதுவாயலில் இருவருக்கும் ஒரே அறை. வாரமெல்லாம் ஷிப்ட் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையாவது தூங்கலாம் என்று படுத்தால், போர்வையை உருவுவார்.

"எந்திரிப்பா. பெரிசு வந்துகினு இருக்கும்."

பெரிசு என்பது ஜப்பானில் தனியாக வாழ்ந்த, இன்டர்நெட்டில் பழக்கமான ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். பிரவுசிங் சென்டரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பாதி நேரம் அவர் இவருக்கு ஜப்பான் பாஷை சொல்லித்தருவார், மீதி நேரம் இவர் அவருக்குத் தமிழ். இருவருக்கும் புரியாமல் போனால், அரைகுறை இங்கிலீஷில் டைப் அடித்து வண்டியைத் தள்ளுவது என் தலையெழுத்து.

இத்தனை பாடும் எதற்கு? ஆலைக்குப் புதுக் கிரேன் வரப்போகிறது, ஒரே ஒரு ஆளைப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்புவார்கள், ஜப்பான்காரரே வந்து ஆள் எடுப்பார் என்று பேச்சு. அந்த ஒரு ஆள் தானாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர கேக்குதாவுக்கு வேறு ஆசையே கிடையாது.

தமிழ் வகுப்பின் லட்சணத்தைக் கேட்காதீர்கள். அந்தப் பெரியவர் அத்தனை பவ்யமாக, "இன்னா நைனா, நாஷ்டா துன்னியா?" என்று ஆரம்பிப்பார்.

தகராறு வந்தது விடைபெறுவதில். 'போகிறேன்' என்பதற்கான ஜப்பான் சொல்லை வாயால் சொல்லவே மாட்டேன் என்றுவிட்டார் கேக்குதா.

"கிளம்பசொல்லோ எவனாச்சும் போறேன்னு சொல்லுவானா? விளங்குமா? வரேன்னுதான் சொல்லணும். பெரிசுக்கு அடிச்சி அனுப்பு."

அடித்தேன். பெரியவர் சிரித்தார். எங்களிடமும் அப்படி ஒன்று உண்டு என்றார். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் 'இத்தே கிமாஸ்' என்பாராம். போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம். வீட்டில் இருப்பவர் 'இத்தே ராஷ்ஷாய்', அதாவது போய்விட்டு வா என்பாராம். கேக்குதாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதன்பின் கக்கூஸுக்குப் போவதென்றாலும் என்னிடம் இத்தே கிமாஸ்தான். பெரியவரும் "வரேன் நைனா" என்று சொல்லித்தான் லைனை வைப்பார்.

இன்டர்வியூ வந்தது. நன்றாகவே பதில் சொன்னாராம். கதவருகே போனதும், ஏதோ சொந்த வீட்டை விட்டுக் கிளம்புவதுபோல, "இத்தே கிமாஸ்" என்று கத்தியிருக்கிறார். தூக்கிவாரிப்போட்ட ஜப்பான்காரர், பழக்கதோஷத்தில், "இத்தே ராஷ்ஷாய்" என்றுவிட்டார்.

"ஜப்பானுக்குப் போய்ட்டு வான்னு சொல்ட்டாருப்பா. கேக்குதா?" என்று ஆலை முழுக்க ஸ்வீட் கொடுத்தார் கேக்குதா. அது வெறும் மரியாதைப் பேச்சு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

டிப்ளமோ படித்த வேறொருவரைத்தான் அனுப்பினார்கள். கேக்குதா யாரையும் திட்டவில்லை. அந்த வாரம் முழுக்க மெதுவாகப் பேசினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்திருக்கவில்லை. அலுத்துக்கொண்டே நான்தான் எழுப்பினேன்.

"அதான் போவலியே. இனிமே பாஷை இன்னாத்துக்குப்பா?"

"பெரிசு காத்துகினு இருக்கும். கிளம்புணா."

போனோம். ஜப்பானுக்கு வரப்போவதில்லை என்று கேக்குதா தானே சொன்னார். பெரியவர், "உடு நைனா. நான் வரேன்" என்றார். லைன் நின்றுவிட்டது.

வழக்கம்போல் விடைபெற்றாரா, நிஜமாகவே வருவதாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேக்குதாவுக்குச் சந்தேகமே இல்லை. "பெரிசு நம்மூட்டுக்கு வருதுப்பா" என்று வாளியில் தண்ணீர் பிடித்து அறையைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். வாதாட எனக்குத் தெம்பில்லை. இன்னொருவர் படுக்க இடம் இருக்கட்டும் என்று என் கட்டிலைச் சுவரோரம் நகர்த்திப் போட்டேன்.